விளக்குக்கு ஒரு தகரத் தொப்பி

கல்யாணமாகி நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில், "இங்க மானத்துல நட்சத்திரமே இல்லியே" என்றேன். எங்கள் பேச்சில் வானம் மானம்தான். "பழகிரும்" என்றார் என் கணவர். பழகவில்லை. பழகிக்கொள்ள நான் முயலவும் இல்லை.

ஊர் ஏக்கம் என்று யாரும் இதற்குப் பெயர் வைக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பும் ஆசை எனக்கு இல்லை. தம்பானூரில் என் ஆபீஸ், கரமனையில் வீடு, இரண்டுக்கும் நடுவே நெரிசலான பஸ், எல்லாம் பிடித்துத்தான் இருக்கிறது. இருட்டு மட்டும் வேண்டும். தலைக்கு மேலே கொஞ்சம் இருட்டு கேட்பது பெரிய பேராசையா?

எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இடம் கண்டுபிடித்திருந்தேன். தெருவிளக்கு அங்கே எட்டாது. மழை விட்ட மாதங்களில், சோறு வடித்து வைத்துவிட்டு மேலே போவேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மங்கலாகத் தெரியும். அது போதும் என்றிருந்தேன்.

அப்போதுதான் வாசலில் நின்ற ஒரு பைக் களவு போனது. குடியிருப்போர் சங்கம் மொட்டைமாடி விளிம்பில் பெரிய ஃப்ளட்லைட்டை மாட்டியது. அதன் முகம் பாதி வானத்தைப் பார்த்தபடி இருந்தது. கார்த்திகை காணாமல் போனது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். செகரட்டரி அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்த, ஓய்வுபெற்ற மனிதர்.

"செக்யூரிட்டிக்காகப் போட்டிருக்கோம்மா. நட்சத்திரம் பாக்கறதுக்காக அணைக்க முடியுமா, சொல்லுங்கோ."

"அணைக்கச் சொல்லல சார். கீழ பாக்க மாதிரி திருப்புங்கன்னுதான் சொல்லுதேன். மானத்துலேர்ந்தா கள்ளன் இறங்கி வரப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் கையைத் தட்டி, "நட்சத்திரம் காணான் ஃபோனில் ஆப் உண்டல்லோ சேச்சி" என்றாள் மலையாளத்தில். நட்சத்திரம் பார்க்க ஃபோனிலேயே ஆப் இருக்கிறதாம். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து மாடிக்குப் போனதும் விளக்கை அணைத்தேன். இறங்கும்போது போட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு வந்தது. எனக்கென்றே வாங்கிய பூட்டு அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியான எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து வளைத்தேன். விரல் கிழிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்ட கணவர், "இது தேவையா?" என்றார்.

"தேவை. ஏணிய ஆடாம பிடிங்க."

விளக்கின் முகத்தைத் தரைப்பக்கம் திருப்பி, மேலே தகரத்தை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் செகரட்டரி படியேறி வந்தார். சண்டைக்குத் தயாராகவே நின்றேன். அவர் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெளிச்சம் முழுக்க இப்போது வண்டிகள் நிற்கும் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. பைக்குகளின் நம்பர்கூடப் படிக்க முடிந்தது.

"இதை நாங்க ஒத்துண்டோம்னு அர்த்தமில்லை" என்றார்.

"ஒத்துக்கிட வேண்டாம் சார். அவுத்துராதீங்க, அது போதும்."

அவர் அவிழ்க்கவில்லை. ஸ்விட்ச் பெட்டியின் பூட்டையும் எடுக்கவில்லை. அவருக்கும் பிடிவாதம் உண்டு.

தொட்டிக்குப் பின்னால் கார்த்திகை திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் சமாதானமாகிவிடவில்லை. நகரத்தின் ஆரஞ்சு மூட்டம் அடிவானத்தில் அப்படியே நிற்கிறது. எதிரே புதிதாகத் திறந்த துணிக்கடை, உச்சியிலிருந்து நீல வெளிச்சத்தை மேலே பாய்ச்சுகிறது. போய் மேனேஜரிடம் பேசினேன். நாற்காலி போட்டு, சாயா கொடுத்து, சிரித்து அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரியும் வருகிறாளாம்.