வெறுங்கூண்டின் மான்

திண்டுக்கல் பக்கத்துச் சிறுவர் விலங்குப் பூங்காவின் வெளிவாசலில் கருத்துப் பதிவேட்டோடு பூங்கா ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. சட்டைப் பையில் வாடிய அகத்திக்கீரை ஒரு கொத்து. பெரியவர்களிடம் நோட்டை நீட்டுவார். வாய்திறந்து கேட்பது பிள்ளைகளிடம் மட்டும்தான்.

நான் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"எது பிடிச்சுச்சு பாப்பா?"

"மான்தான். அதுக்கு ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு," என்றாள் என் மகள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் பாத்தீகளா சார்?"

"பாத்தேனே, நல்லாருந்துச்சு," என்றேன். உண்மையில் மான் கூண்டருகே நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"அது செத்து மூணு மாசமாச்சு சார். நான்தான் அதுக்குக் கீரை போடுவேன். இப்ப அது வெறுங்கூண்டு."

வெட்கத்தில் மகளை அதட்டப் போனேன். அவர் கையமர்த்திவிட்டு, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அது யாரையாச்சும் தேடுச்சா ஆத்தா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள். அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

உயிரோடிருந்தபோது அந்த மானுக்குக் காது கிழிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. இப்போது அவர் எதிரே வந்தாலும் கேட்கமாட்டேன்.