மங்கோலிய ராஜாவின் மகள்களும் என் தங்கையும்

நாடு விடுதலையடைந்த மூன்றாம் வருடம் என் தங்கைக்குக் கல்யாணம் பேசினார்கள். பேசியது எங்கள் எதிரி வீட்டில். பத்மநாபபுரம் பக்கம் பாசனச் சானலின் மேல்மடை அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் திறந்துவிட்டால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும். இரண்டு தலைமுறையாக அந்த மடைக்காக அடிதடியும் வழக்கும் நடந்தன. பெண் கொடுத்தால் மடை திறக்கும் என்று இரு வீட்டு ஆண்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. பிடித்ததைப் படித்து, கூட வேலைபார்த்தவரையே பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொண்டவள். "நீ சொன்னா கேப்பா மக்கா" என்று அம்மை என்னைத் தங்கையிடம் அனுப்பினாள்.

அந்த வாரம்தான் வகுப்புக்காக ஒரு மங்கோலிய ராஜாவைப் பற்றிப் படித்திருந்தேன். அதையே அவளுக்குச் சொன்னேன்.

"ஏட்டி, அந்த ராஜா மகளுவள அக்கம்பக்கத்துக் கூட்டத் தலைவனுவளுக்குக் கெட்டிக் குடுத்தாரு. மாப்பிளமாரு மாமனாருக்காகச் சண்டைக்குப் போயிருவானுவ. அங்க இருந்து ஆண்டது யாரு? அந்த மகளுவதான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பம் அவளுவ அப்பனுக்க ஆளா, மாப்பிளைக்க ஆளா?"

"அப்பனுக்க ஆளுதான்" என்றேன், யோசிக்காமல்.

அடுத்த பக்கத்தில் இருந்ததை நான் சொல்லவில்லை. ஒரு மகள் போன இடத்தில் அந்த ஜனங்களே கலகம் செய்து அவள் புருஷனைக் கொன்றார்கள். அவள் தப்பி ஓடினாள். பிறகு அதே குலத்தில் இன்னொருவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். அவளுக்குச் சம்மதமா என்பது அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. அன்று மாலை தங்கை சோறு தின்றாள். அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாணம் முடிந்து சில பூ சாகுபடிக்கு மடை ஒழுங்காகத் திறந்தது. பிறகு மழை பொய்த்த ஒரு வருடம், தங்கையின் மாமனார் மடையை அடைத்துவிட்டார். எங்கள் நெல் கதிர் வாங்கும் நேரம். அப்பா இரண்டு தடவை ஆள் அனுப்பியும் பலனில்லை. மூன்றாம் நாள் பட்டப்பகலில், அத்தனை பேரும் பார்த்திருக்க, தங்கை வயலில் இறங்கிப்போய் மடைப்பலகையைத் தூக்கி எறிந்தாள்.

மாமனார் அவளை உடுத்திய சேலையோடு வெளியே அனுப்பிவிட்டார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். சேறு காயாத காலோடு முற்றத்தில் வந்து நின்றாள்.

"கெட்டிக் குடுத்த பொண்ணு அங்கதான் கெடக்கணும். திரும்பிப் போ" என்றார் அப்பா. அவள் திறந்துவிட்ட தண்ணீர் அப்போது எங்கள் வயலில் பாய்ந்துகொண்டிருந்தது.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுக்கா. அந்த ராஜாக்க மகளுவளும் இதத்தான செஞ்சாளுவ?"

வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நிறுத்தாமல் பேசுகிறவள் நான். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என் வீட்டுக்கு வா' என்று அவளையாவது கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அம்மையின் தம்பி அவளை வண்டியில் ஏற்றி அந்த வீட்டுக்கே கொண்டுபோனார்.

அவள் புருஷன் நல்ல மனிதர். தகப்பனோடு மல்லுக்கட்டி அவளை உள்ளே சேர்த்துக்கொண்டார். ஆனாலும் அந்த வீட்டார் வெகுநாள் அவளை அடுக்களைக்குள் விடவில்லையாம். எங்களுக்கு அந்தப் பூவில் நல்ல விளைச்சல். அந்த அரிசியை நானும் தின்றேன்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடம் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஒரு கவுன் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன்.

"வாருங்க, இருங்க" என்றாள். அதுவரை என்னை அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். பயணம் சுகமா என்று கேட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று உள்ளே போனவள் பிறகு வெளியே வரவில்லை. அவள் புருஷன்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கவுனை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.