நான்கு ஸ்க்ரூவோடு நிறுத்தியிருக்க வேண்டும்

காலமான என் மனைவியின் குரல், மகன் எடுத்த ஒரே ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. அது இருந்தது செங்கல் போன்ற பழைய ஹார்டு டிஸ்க் பெட்டியில். கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்றும் தெரியவில்லை என்று, தச்சநல்லூரில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரருக்கு வெளிப்பெட்டியைத் திறக்கவே தெரியவில்லை. ஓரத்தில் நெம்பி உடைக்கப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த ரப்பர் கால்களை நான்தான் உரித்துக் காட்டினேன். அவற்றின் கீழே நான்கு ஸ்க்ரூக்கள் இருந்தன. கழற்றியதும், வெள்ளி நிற மூடி போட்ட டிஸ்க் வெளியே வந்தது.

சற்று நேரத்தில் மேசையில் இருந்தவற்றை எண்ணினேன். ஐந்து ஸ்க்ரூ! ஐந்தாவது, டிஸ்க்கின் மூடியிலிருந்து கழற்றியது. திறக்கக் கூடாது என்று அந்த மூடியிலேயே அச்சிட்டிருக்கிறது.

“என்னவே செய்யுதீரு?”

“உள்ள தூசி இருக்கும் அண்ணாச்சி. பைய ஊதிட்டு மூடிருதேன்.”

“ஊதுததுக்கு இது என்ன அடுப்பாவே?”

ஐந்தாவதை முடுக்கச் சொல்லி, டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு கடையில் அதை அப்படியே புதுப் பெட்டிக்குள் மாட்டினார்கள், வீடியோ ஓடியது. பழுது பழைய பெட்டியில்தான். உள்ளே எச்சில் தெறித்திருந்தால் அவள் குரலே போயிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அந்த முதல் கடைக்காரர் குறைந்தா போவார்? இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது வீடியோவுக்கு மூன்று நகல் வைத்திருக்கிறேன். எந்தக் கடையிலும் ஸ்க்ரூக்களை எண்ணியபடி பக்கத்திலேயே நிற்கிறேன். வீடியோவில் அவள் என்னைத் திட்டுவதும் இப்படி எண்ணுவதற்குத்தான்: “அந்த முறுக்கை எத்தனை தடவைதான் எண்ணுவிய?”