பனிக்குள் அம்மா கூப்பிட்டது யாரை?

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பேய், ஆவி என்றால் முதலில் சிரிக்கிற ஆளே நான்தான். எஸ்டேட் லைனில் யாராவது சாமியாடினால்கூட எழுந்து போய்விடுவேன். ஆனால் இது எண்பதுகளின் கடைசியில், பட்டப்பகலில் நடந்தது.

என் தம்பி சேகர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். வானத்தில் எட்டாத தொலைவில் மங்கலாகக் கிடக்கும் நட்சத்திரக் கூட்டங்களை எண்ணுவது அவன் வேலை; கண்ணால் அல்ல, அரிசி மணி நீளம்கூட இல்லாத அலைகளைப் பெரிய ஆன்டெனாத் தட்டில் பிடித்து. கொழுந்து பறித்தவள் மகன் என்று ஊரே அவனைத் தூக்கி வைத்து ஆடியது. நானும் அதே வயிற்றில் பிறந்தவன்தான். முட்டைக்கோஸ் ஏற்றும் லோரி ஓட்டினேன், படுத்த படுக்கையான அம்மாவைக் கழுவித் துடைத்தேன். அவள் கடைசியாகக் கேட்டது, "சேகர் வந்துட்டானா?" எனக்கு எரியாதா, சொல்லுங்கள்.

அன்று மத்தியானம் அவனை லோரியில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கோலா தெர்லாவிலிருந்து கியா பார்ம் சந்தைக்குப் போனேன். வழியில் பனி இறங்கி ரோடே மறைந்தது. தேயிலைச் சரிவோரம் நிறுத்தினேன்.

"இந்த ஈரம் என் அலையெல்லாத்தையும் முழுங்கிடும்ண்ணே," என்றான்.

"மங்கலா ஒண்ணு தெரிஞ்சா, நெசமா பொய்யான்னு எப்படிடா கண்டுபிடிப்பே?"

"தனித்தனியா ரெண்டு தடவ பாப்போம். ரெண்டுலயும் ஒரே எடத்துல இருந்தா நெசம்."

அப்போது சரிவின் மேலிருந்து, செத்துப்போன அம்மா கூப்பிட்டாள். "சேகரு..."

நம்பினால் நம்புங்கள், பயத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. செத்தும் அவனைத்தானா?

சேகர் முகம் வெளுத்திருந்தது. "கேட்டுச்சா? பேசாதீங்க. கண்ண மூடிக்கிட்டு எந்தப் பக்கம்னு கை காட்டுங்க."

கண்ணைத் திறந்தபோது எங்கள் இருவர் கைகளும் ஒரே பக்கம் நீண்டிருந்தன.

"உன்னத்தான்லா கூப்பிட்டாங்க. போ," என்றேன்.

அவன் என்னை வெறித்தான். "என்னையா? மணியம்னு உங்க பேரச் சொல்லித்தானே கூப்பிட்டாங்க! எப்பவும் உங்களத்தானே?"

அவன் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக நான் விழுங்கியதும் அதைத்தான்.

நாங்கள் இறங்கவில்லை. பனி விலகியபோது சரிவில் யாருமில்லை.

சேகர் திரும்பிப் போய்விட்டான். அங்கே அவனுக்கு எதுவும் கேட்பதில்லையாம். எனக்கு அந்த இடத்தில் பனி இறங்கினால் இன்றும் கேட்கிறது. ஒருமுறை தாங்க முடியாமல், "அவன் இங்க இல்லம்மா, நான்தான் இருக்கேன்," என்றேன்.

பிறகு மறுபடியும், லோரிக் கதவுக்கு வெகு பக்கத்தில், "சேகரு..."