பட்டாளத்துக் கரண்டி

தாத்தாவைக் கூப்பிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியபோது மணி காலை ஆறரை. நான் வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் எங்கள் கிறிஸ்தவ சபையின் அசனப் பண்டிகை அன்று. வருடத்துக்கு ஒரு முறை சபையார், அக்கம்பக்கத்து ஊர்க்காரர், வழியோடு போகிறவர் எல்லோரும் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் நாள். ஆட்டை அறுத்தாயிற்று, அரிசியைக் களைந்தாயிற்று. சமையல்காரர்தான் வரவில்லை. கிணற்றுப் படியில் வழுக்கிக் கால் முறிந்துவிட்டது என்று அவர் மகன் பனவடலிசத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

சபை மூப்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. மனதில் ஒன்று தோன்றினால் அடுத்த நொடி அது வாயில் வந்துவிடும். இன்றும் அப்படித்தான்.

"எங்க தாத்தாவக் கூப்பிடுங்க. பட்டாளத்துல அவுகதான் சமையலு. ஆயிரம் பேருக்குப் பொங்கியிருக்காக."

சொல்லி முடித்த பிறகுதான் அதைச் சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

ஊருக்கு அவர் மிலிட்டரித் தாத்தா. யுத்தத்தின்போது பர்மா எல்லையில் இருந்தவர். ஆகஸ்ட் பதினைந்து அன்று கோயில் முற்றத்தில் கொடி ஏற்றுவது வருடா வருடம் அவர்தான். காக்கித் தொப்பி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி அவர் அடிக்கும் சல்யூட்டைப் பார்க்கவே பிள்ளைகள் வருவார்கள். "எத்தன பேரச் சுட்டிய தாத்தா?" என்று கேட்பார்கள். மீசையைத் தடவிக்கொண்டு, "எண்ணவா முடியும்?" என்பார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டில் அடுக்களைப் பக்கமே போகமாட்டார். தண்ணீர்கூட யாராவது மொண்டு கொடுக்க வேண்டும். ஆனால் குழம்பில் உப்பு குறைந்தால் முற்றத்தில் இருந்தபடியே மோந்து சொல்லிவிடுவார். அது எப்படி என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சர்டிபிகேட் வேண்டும் என்று அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்தபோது, பட்டாளத்திலிருந்து விடுவித்த தாள் கையில் சிக்கியது. பெயர், ஊர், உயரம். என்ன வேலை என்ற இடத்தில் இங்கிலீஷில் ஒரே சொல்: சமையல்காரர். நிமிர்ந்தால் தாத்தா வாசலில் நிற்கிறார்.

"பாத்திட்டியா?"

"பாத்தேன்."

"மறந்திரு, மக்கா. கரண்டி புடிச்சவன் ஏத்துத கொடிக்கு ஊருல எவன் எந்திரிச்சு நிப்பான்?"

சரி என்றிருந்தேன்.

இப்போது அந்த ரகசியத்தைத்தான் அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். மூப்பர் எழுந்தார். "ஏட்டி, என்ன சொல்லுத? ஒங்க தாத்தா துப்பாக்கில்லா புடிச்சாக?"

தாத்தா வேப்பமரத்தடியில் பந்திப் பாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார், அடுப்பு வரிசைக்கு வந்தார்.

"வெறகு காஞ்சதா?" அவ்வளவுதான் கேட்டார்.

அப்புறம் நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு ஆளை நிறுத்தினார். பெரிய கரண்டியால் அண்டா விளிம்பில் ஒரு அடி அடித்தால் தீயைக் குறைக்க வேண்டும். இரண்டு அடித்தால் விறகு தள்ள வேண்டும். மூன்று அடித்தால் சாப்பாடு தயார். கத்த வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை. குண்டுச் சத்தத்தில் எவன் கத்தினாலும் கேட்காது, இரும்புச் சத்தம் கேட்கும் என்றார். அரைமணி நேரத்தில் மூப்பரே இரண்டு அடிக்கு விறகோடு ஓடி வந்தார்.

கறி வெட்டிக்கொண்டிருந்த இளவட்டம் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "தாத்தா, அப்பம் துப்பாக்கிய எங்கன வச்சிய, அடுப்புக்குள்ளயா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாத்தா குழம்பைக் கிண்டுவதை நிறுத்தவே இல்லை. "ஏலே, துப்பாக்கி வச்சிருந்தவன் அம்புட்டு பேரும் எங்கிட்டதாம்ல தட்ட நீட்டுனான். நீயும் இப்பம் வருவ பாரு."

இளவட்டம் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மதியம் பந்தி உட்கார்ந்தது. இலை போட்டு, சோறும் குழம்பும் விட்டு, குருவானவர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கள் குருவானவரின் ஜெபம் மழையில் தொடங்கி, வெள்ளாமையைத் தொட்டு, நோயாளிகள் ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு வரும். வெள்ளாமைக்கு வந்தபோது தாத்தா அண்டாவைத் தொட்டுப் பார்த்தார். சூடு இறங்குகிறது. கை தானாகக் கரண்டியை எடுத்தது.

டங், டங், டங்.

மூன்று அடி என்றால் சாப்பாடு என்பது அதற்குள் வளாகம் முழுக்கப் பரவியிருந்தது. முதல் பந்தி மொத்தமும் இலையில் கை வைத்துவிட்டது. குருவானவர் ஒரு கண்ணைத் திறந்தார். அசனம் தொடங்கிய நாளிலிருந்து ஆமென் சொல்வதற்குள் அந்தக் கோயிலில் ஒரு பருக்கை வாய்க்குப் போனதில்லை. தாத்தா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார். குருவானவர் பந்தியைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், நோயாளிகளை ஒரே வரியில் முடித்து ஆமென் சொல்லிவிட்டார். குழம்பில் மிளகு தூக்கல். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆனால் ஆகஸ்ட் வந்ததும் தாத்தா தொப்பியை எடுக்கவில்லை. "சுட்டவன் எவனாவது ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டார். நான்தான் கெடுத்தேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினைந்தாம் தேதி காலையில் வாசலில் சத்தம். மூப்பர் நிற்கிறார், பின்னால் அந்த இளவட்டம், கையில் அசனத்துக் கரண்டி.

"ஐயா, கொடிக் கம்பத்துக்கிட்ட கூட்டம் நிக்கி. நீங்க வந்தாத்தான் ஏத்துவோம்."

தாத்தா கரண்டியைப் பார்த்துச் சிரித்தார். தொப்பியை எடுத்தார். அன்று பிள்ளைகள் வழக்கம்போலக் கேட்டார்கள். "ஒருத்தரையும் சுடல மக்கா. சோறு போட்டேன்" என்று சத்தமாகவே சொன்னார். பிறகு சல்யூட் அடித்தார். ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது என் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தார். அதோடு கணக்குத் தீர்ந்தது.

தாத்தா போய் இரண்டு வருடமாகிறது. பெட்டியில் அந்தத் தாளுக்கு அடியில் ஒரு போட்டோ கிடைத்தது. கூடாரத்துக்கு முன்னால் ஐந்து பேர், தோளில் துப்பாக்கி சாத்துவதுபோல ஆளுக்கொரு கரண்டி. பின்பக்கம் தாத்தா கையெழுத்தில் ஐந்து ஊர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ராயகிரி. அங்கே பட்டாளத்துக்குப் போய்வந்த கிழவர் ஒருவர் இருக்கிறார், காது மந்தம், கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார் என்று பஸ் கண்டக்டர் சொன்னார்.

கேள்வி எதற்கு? சனிக்கிழமை கல்லூரி லீவு. போட்டோவையும், அந்த ஐந்து பேர் கதையை எழுத வாங்கிய நோட்டையும், அம்மாவின் பித்தளை அண்டாவையும் தூக்கிக்கொண்டு ராயகிரி பஸ் ஏறப்போகிறேன். அவர் பக்கத்தில் அண்டாவை வைத்து, கரண்டியால் விளிம்பில் ஓங்கி இரண்டு அடி அடிப்பேன். அவர் கை விறகைத் தேடினால், தாத்தாவோடு நின்றவர் அவர்தான்; நோட்டைத் திறந்துவிடுவேன்.