முதுகில் விழுந்த காவி

அவளைத் தணல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் இறைச்சிக் கடைக்காரர். அவரும் ஒரு முறைதான் சொன்னார். அவள் கணவருக்கு ஒரு காது கேட்காது. அவள் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அதுதான் கேட்காத காது.

அவள் வளர்த்தது கருமுட்டி ஆடுகள். சாம்பல் நிற உடம்பு, முன்னங்கால் முட்டிகள் மட்டும் கரி பூசியதுபோல இருக்கும். மலையின் இந்தச் சரிவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கும் இப்போது மூன்று நான்கு வீடுகளில்தான் மிச்சம். கறி குறைவு, ரோமம் சொரசொரப்பு. ஆனால் மூடுபனி இறங்கினால் தாய் ஆடு தன் குட்டியைப் பாறை ஓரமாக நடத்திப் பட்டியில் கொண்டு சேர்த்துவிடும். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று அடிக்காது என்பதெல்லாம் தாயின் பின்னால் நடந்து நடந்தே குட்டிக்குத் தெரிய வரும். வெளி ஆடுகளை வாங்கி மேலே விட்டவர்கள் அடுத்த மழைக்குள் பள்ளத்தில் இறங்கி அவற்றின் உடல்களைத் தேடியிருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் அவளே வழி தவறி, இந்த ஆடுகளின் பின்னால் நடந்துதான் வீடு வந்து சேர்ந்தாள்.

இங்கே கிடாவும் பெட்டைகளும் ஒரே பட்டியில்தான் இருக்கும். வேண்டாத காலத்தில் இணைசேராமல் இருக்க, கிடாவின் வயிற்றுக்கடியில் ஒரு தோல் மறைப்பைக் கட்டிவிடுவார்கள். ஊரில் அதற்குப் பெயர் கோவணம். பருவம் வந்ததும் அதை அவிழ்த்துவிட்டு, கிடாவின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த காவி மண்ணைப் பூசுவார்கள். கிடா சேர்ந்த ஆட்டின் மேல் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். எந்த ஆடு ஆயிற்று, எது இன்னும் பாக்கி என்பது பார்த்தவுடன் தெரியும்.

அந்த வருடம் அவளுடைய கிடாவுக்குப் பல் ஆடத் தொடங்கியிருந்தது. அடுத்த கிடாவாக விட்டுவைத்திருந்த குட்டியைக் கோடையில் காட்டு நாய்கள் தூக்கிப் போய்விட்டன. மற்ற வீடுகளில் இருந்ததெல்லாம் பெட்டைகள். கிழவன் என்று அவள் கூப்பிடும் அந்தக் கிடாவுக்கு இந்த ஒரு பருவம்தான் தாங்கும். அதற்குள் அவனுக்கு ஓர் ஆண் குட்டி பிறந்தாக வேண்டும். இல்லையென்றால் கருமுட்டி இவளோடு முடிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து நகரத்திலிருந்த மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைப்பிரசவம். போகாமல் இருக்க முடியாது. பட்டியைக் கொழுந்தனிடம் விட்டாள். அவன் கொஞ்ச நாள் முன்புதான் சமவெளியிலிருந்து ஒரு கொழுத்த கிடாவை ஓட்டி வந்து, தன் ஆடுகளுக்கென்று பட்டியின் மறுமூலையில் கட்டியிருந்தான்.

"கிழவனோட கோவணத்தை அவிழ்த்துட்டுக் காவி பூசு. உன் தடியன் கோவணம் அவிழக் கூடாது. வேற எதையும் நீ யோசிக்க வேண்டாம்."

"அண்ணி, நான் என்ன பச்சப் புள்ளையா?"

"பச்சப் புள்ளைன்னா எனக்குப் பயமில்ல. அது பாட்டுக்குத் தூங்கும்."

பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. பையோடு பட்டிக்கு வந்தாள். எங்கு பார்த்தாலும் சிவப்பு. கிழவனின் நெஞ்சிலும் சிவப்பு. "கிழவா, கெட்டிக்காரன்டா நீ" என்று அவன் கொம்பைப் பிடித்து ஆட்டினாள். பிறகு பக்கத்திலிருந்த ஓர் ஆட்டின் முதுகில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

காவி வாலடியில் இல்லை. இடுப்பைத் தாண்டி நடுமுதுகில் இருந்தது. அடுத்த ஆட்டிலும் அப்படியே. கருமுட்டிக் கிடா குட்டைக் கால்காரன். எவ்வளவு எக்கினாலும் அவன் நெஞ்சு அந்த இடத்துக்கு எட்டாது. கிழவனின் வயிற்றுக்கடியில் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது.

கொழுந்தன் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தான்.

"ரெண்டு பேர் நெஞ்சுலயும் பூசிட்டா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாடா?"

அவன் குடத்தை மெதுவாக இறக்கி வைத்தான். "அண்ணி, கோபப்படாம கேளுங்க."

"கோபப்பட்டுக்கிட்டே கேக்குறேன். சொல்லு."

"எத்தனை வருஷம் இந்தக் கட்டை ஆட்டைக் கட்டிக்கிட்டு அழறது? கடைக்காரர் நம்ம ஆட்டைப் பார்த்து, முயலா வளர்க்கிறீங்கன்னு சிரிக்கிறாரு. ஒரு தலைமுறை கலந்தா உடம்பு வைக்கும். உங்களுக்கும் சேர்த்துத்தான் பண்ணேன்."

"எனக்குச் சேர்த்து நீ சாப்பிடுறியா? எனக்குச் சேர்த்து மூச்சு விடுறியா? இதுல மட்டும் ஏண்டா எனக்குச் சேர்த்து?" குரல் ஏறியது. "இந்த இடுப்பைப் பாரு. இது வழியா அந்தத் தடியன் குட்டி தலை எப்படி வெளிய வரும்? அதை யோசிச்சியா? பெத்துப் போடப் போறது நீயா, இதுங்களா?"

கணவர் வாசலுக்கு வந்து நின்றார். "விடும்மா. தம்பிதானே."

"இப்ப மட்டும் காது கேக்குதா உங்களுக்கு?"

அவர் உள்ளே போய்விட்டார்.

சிவப்பு விழாத ஆடுகள் நாலைந்து இருந்தன. அப்போதே அவற்றைப் பிரித்தாள். கிழவனின் முடிச்சை விரலால் அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். எல்லாவற்றையும் மேலே உள்ள கற்கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், பருவம் முடியும் வரை அங்கேயே கிடந்தாள். சாப்பாட்டைக் கணவர் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் இறங்கி வருவார்.

மழைக்காலத்தில் கிழவன் போய்விட்டான். நின்றபடியே பாறையில் சாய்ந்து செத்திருந்தான். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அன்று கொழுந்தன் வாங்கிய திட்டு மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

குட்டி போடும் நாள்களில், காவி நடுமுதுகில் விழுந்த முதல் ஆடு விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டு கிடந்தது. அவள் கொழுந்தனை வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்தாள்.

"உக்காரு. தலையைப் பிடி."

"அண்ணி, எனக்கு ரத்தம் பார்த்தா…"

"பாரு. நல்லாப் பாரு."

கையில் எண்ணெய் தடவி உள்ளே விட்டுக் குட்டியின் கால்களைத் தேடினாள். நெற்றி எலும்பு இடுக்கில் சிக்கியிருந்தது. வெகுநேரம் கழித்துக் குட்டி வந்தது. உயிரோடு, பெரிதாக, மழமழவென்று. தாய் ஒருமுறை அதை முகர்ந்து பார்த்தது. பிறகு தலையைத் தரையில் போட்டது. போட்ட தலையைத் தூக்கவில்லை.

அவள் குட்டியைத் தூக்கிக் கொழுந்தனின் மடியில் வைத்தாள்.

"இந்தா, நீ கேட்ட உடம்பு. பால் நீதான் கொடுக்கணும்."

அந்த மாதம் முழுவதும் அவளே எல்லாப் பேறும் பார்த்தாள். சில தாய்கள் பிழைத்தன, சில பிழைக்கவில்லை. கொழுந்தன் புட்டியும் கையுமாக அலைந்தான். கண் உள்ளே போய்விட்டது. மேல் கொட்டிலில் கிழவனோடு சேர்ந்த ஆடுகள் போட்டவற்றில் ஒன்று ஆண். முட்டி கறுப்பு. அதைத் தரையில் விட்டு, நாலு காலையும் அது சரியாக ஊன்றுவதைப் பார்த்தபோதுகூட அவள் முகம் இளகவில்லை. ஒரே ஒன்று. ஒரு காய்ச்சல் போதும், ஒரு நாய் போதும்.

குட்டிகள் புல் கடிக்கத் தொடங்கியதும் அவள் பட்டியின் நடுவில் சுவர் எழுப்ப ஆரம்பித்தாள். கலப்புக் குட்டிகளையெல்லாம் கொழுந்தன் பக்கம் தள்ளிவிட்டாள். தாய்களும் சரிவும் அவள் பக்கம்.

"வீட்டைப் பிரிக்கிறியா?" என்று கணவர் கேட்டார்.

"வீட்டுல யாரு வேணாலும் இருங்க. சோறு போடுறேன். என் கிடாவுக்கும் அவன் கிடாவுக்கும் நடுவுல கல்லு இருக்கணும்."

கொழுந்தன் துண்டை மடித்துத் தோளில் போட்டான். பிறகு ஓடைப் பக்கம் போய்க் கற்களைச் சுமந்து வந்து அவள் காலடியில் ஒவ்வொன்றாக வைத்தான். அவளும் நிமிராமல் எடுத்து அடுக்கினாள். சுவர் முழங்கால் உயரம் வந்தபோது வாய் திறந்தான்.

"அண்ணி, என்னை மன்னிச்சுட்டீங்களா?"

அவள் கையிலிருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தாள். உருண்டைக் கல். அடுக்கினால் நிற்காது. அதை அவன் பக்கமே தூக்கிப் போட்டாள்.

"தட்டையா எடுத்துட்டு வா."