மொட்டை போட்ட பொமரேனியன்

என் மனைவியின் கருமாதியன்று இரண்டு பேருக்கு மொட்டை போட்டார்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று அவள் வளர்த்த வெள்ளைப் பொமரேனியனுக்கு.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏரிக்கரையில் எனக்கு மழித்து முடித்ததும் என் அக்காதான் ஆரம்பித்தாள். "புள்ள மாதிரிதான வளத்தா? அதுக்கும் எடுத்துடுங்க. வெயிலு வேற ஜாஸ்தியா கீது." யாரும் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே நாயைப் பிடித்துக்கொண்டார்கள். முடி போனதும் உள்ளே இருந்தது கைக்கு அடங்கும் உடம்புதான். இத்தனை நாள் தெருவையே அதட்டிக்கொண்டிருந்தது இதுவா என்று குனிந்து பார்த்தேன்.

பால்காரர், கேஸ்காரர், கரும்பு டிராக்டர், யாரையும் அது விட்டதில்லை. இதன் முன்னோர்கள் பனி நாட்டில் வேலை செய்த பெரிய நாய்களாம். பிறகு அரண்மனைப் பெண்கள் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகச் சின்னதாக்கிவிட்டார்களாம். போனில் படித்துவிட்டு அவள் சொல்வாள். "உடம்புதான் கம்மியாச்சு, நெனப்பு அப்பிடியேதான் கீது." அந்தப் பனி நாட்டு ராஜா, கள்ளக்குறிச்சி வெயிலில் ஈரச் சாக்கின் மேல் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடப்பார். சாயங்காலமானால் அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து சீப்பால் வாருவாள். சிக்கு விழுந்தால் தோல் புண்ணாகிவிடும் என்று ஒரு நாளும் விடமாட்டாள். எனக்குக் காபி தாமதமாகும். கத்துவேன். அவள் பாட்டுக்கு வாரிக்கொண்டிருப்பாள்.

எனக்கு முடி முளைத்தது. நாய்க்கு முளைக்கவில்லை. கால்நடை மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு ரெண்டு அடுக்கு முடிங்க. குளிரையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். மழிச்சா சிலதுக்குத் திரும்ப வராதுங்க." அதன் முதுகில் ரோஸ் நிறத் திட்டுகள் அப்படியே நின்றன. பார்ப்பவர்களுக்கு அது மட்டும்தான் இன்னும் துக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வரும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தினமும் சாயங்காலம் அது சமையலறை வாசலுக்குப் போய், வாருவதற்கு உட்காரும் அதே மாதிரி முதுகைக் காட்டி உட்காரும். கொஞ்ச நேரம் அசையாது. பிறகு வாலை ஆட்டும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். அங்கே யாரும் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை முடித்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயம் இல்லை. பொறாமை. கட்டினவனிடம் வராதவள் இதனிடம் மட்டும் வருகிறாளே என்று நெஞ்சு எரியும். ஒருநாள் அதன் பக்கத்தில் நானும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். ஆணியில் மாட்டியிருந்த குக்கர் மூடிதான் காற்றில் ஆடிச் சத்தம் போட்டது.

கல்வராயன் மலையிலிருந்து சாமை மூட்டையோடு வந்த மாமியார் நாயைத் தடவிப் பார்த்தார். "இத்த எங்கூட அனுப்புங்க மாப்ள. மேல குளிருல முடி வந்துடும். இங்கயே கெடந்தா செத்துப்பூடும்."

எரிந்து விழுந்தேன். பாவம், அவர் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போனார். நாயும் போய்விட்டால் அவள் எதற்காக இந்த வீட்டுக்கு வருவாள்? இதை யாரிடம் சொல்வது?

சித்திரை வெயிலில் அதன் முதுகு கொப்பளித்தது. சாக்கை விட்டு எழுந்திருக்கவில்லை, சாயங்காலம்கூட. மறுநாளே நானே மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு சமையலறை வாசல் வெறும் வாசலாகிவிட்டது. நான் கடையில் சாப்பிட ஆரம்பித்தேன்.

தை மாதம்தான் மறுபடி போக மனசு வந்தது. களத்தில் கோழிகளை அதட்டிக்கொண்டிருந்தது. முதுகு நிறைய வெள்ளை முடி. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலை முகர்ந்தது. பிறகு என்னைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், பாதையில், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மெல்ல வாலை ஆட்டியது. கண் பாதி மூடியிருந்தது.

மாமியார் சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தார்.

"தனியாவா வந்தீங்க மாப்ள?"

"இல்லீங்க அத்தை" என்றேன்.